ஜெயபாரதியின் கட்டைவிரல்

படி ஏறுவதைவிடச் செருப்பைக் கழற்றுவதுதான் ஜெயபாரதிக்குச் சிரமமாக இருந்தது. திருப்பூர் ராயபுரத்தில் ஒரு மாடியில் இருந்தது அவள் வேலை செய்த பனியன் கம்பெனி. கைக்குழந்தைகளுக்கான வெள்ளைச் சட்டை தைக்கிற இடம். தெருப் புழுதி துணியில் ஒட்டக்கூடாது என்பதால் மேல்படியிலேயே எல்லோரும் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் ஹாலுக்குள் போக வேண்டும். பின்னால் யாராவது வந்தால் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, அவர்களை முன்னால் போகவிடுவாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, வலது காலைச் செருப்பிலிருந்து உருவுவாள்.

வலது கால் கட்டைவிரல் பாதத்தோடு சேருகிற மூட்டில்தான் கோளாறு. மேல்பக்கம் கொட்டைப்பாக்கு அளவுக்குப் புடைத்திருந்தது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது விரல் மரக்கட்டையாக இருக்கும். மேலே மடக்கப் பார்த்தால் உள்ளே ஏதோ இடித்து நிறுத்தும். சில நாள் சூடாகவும் சிவப்பாகவும் இருக்கும், சில நாள் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஒன்றுமில்லாத நாட்களில்தான் அவளுக்குப் பயம் அதிகம். உள்ளுக்குள் என்ன நடக்கிறதோ என்று நினைத்துக்கொள்வாள்.

ஜெயபாரதி ஓவர்லாக் டைலர், துணி ஓரங்களைச் சேர்த்துப் பின்னித் தைக்கிறவள். கல்யாணமாகி சோமனூரிலிருந்து திருப்பூர் வந்த வருடமே மிஷினில் உட்கார்ந்தவள், நாற்பத்தேழு வயதிலும் அதே வேலைதான். பெடலை எப்போது அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது அவள் கட்டைவிரலுக்குத் தெரியும். தலைக்குத் தெரிய வேண்டியதில்லை. இப்போது அந்த விரலைத் தரையிலிருந்து தூக்கினாலே உயிர் போனது. அதனால் பெடலைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி வைத்து, பாதத்தின் வெளி ஓரத்தால், சுண்டுவிரல் பக்கமாக மிதிக்கப் பழகினாள். மிஷின் பதறிப் பதறி ஓடியது. சட்டைக் கழுத்தெல்லாம் நெளிந்து வந்தது.

செக்கிங் டேபிளில் நிற்கிற ராமாத்தாள் வெள்ளகோவில்காரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். ஒரு கட்டு பீஸைக் கொண்டுவந்து ஜெயபாரதியின் மடியில் போட்டாள்.

"ஏனக்கா, இந்தக் கழுத்தப் பாரு. கொழந்தைக்குத் தெச்சயா, பாம்புக்குத் தெச்சயா?"

"நூலு சரியில்ல ராமாத்தா."

"எல்லாத்துக்கும் ஒரே நூலுதான். உங்கிட்ட மட்டும் கோவிச்சுக்குதா?"

சூப்பர்வைசர் பிரபாகர் சிவகங்கைப் பக்கத்துப் பையன். அவனும் கவனித்திருந்தான். ஆனால் அவன் கணக்கு வேறு. திருப்பூரில் ஒரு டைலர் திடீரென்று வேலையில் மனசில்லாமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டீ நேரத்தில் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டான். "என்னக்கா, வேற எங்கயும் பேசி முடிச்சுட்டீகளா? போறதா இருந்தா முன்னாடியே சொல்லிப்புடுங்க. லைன் நின்டுபோகும்."

"நான் எங்கப்பா போறேன்" என்றாள் ஜெயபாரதி. அந்த டீயையும் அவள் சர்க்கரை இல்லாமல்தான் குடித்துக்கொண்டிருந்தாள். அதை அவன் கவனிக்கவில்லை.

அவள் பயந்தது வேலைக்காக மட்டுமல்ல. வேலை போனால் வேறு வேலை தேடலாம். கால் போனால் என்ன செய்வது என்பதுதான் அவள் பயம்.

அவள் அப்பா அர்த்தநாரிக்குச் சோமனூரில் விசைத்தறி வேலை. சர்க்கரை நோய் வந்து பல வருடம் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாதவர். ஒருநாள் தறிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் ரத்தக் கறை இருப்பதைப் பார்த்துவிட்டு, யாருக்கு அடிபட்டது என்று மற்றவர்களைக் கேட்டுக்கொண்டு நடந்தார். அவருடைய இடது கால் கட்டைவிரலிலிருந்துதான் வந்தது. புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டால் போதும் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். விரலை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் பாதி பாதம் போனது. அதற்குப் பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம் போனது. தம்பிக்குத் தறியை விட்டு நகர முடியாது என்பதால் ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருந்தவள் ஜெயபாரதிதான். கட்டு மாற்றும்போது தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பேச்சைப் பேசினார்கள். "கட்டவெரல்லதாஞ் சாமி ஆரம்பிச்சுது. பாரு, எங்க கொண்டாந்து உட்டுருக்குது."

அந்தப் பேச்சு அவளுக்குள் தங்கிவிட்டது. இப்போது தன் கட்டைவிரல் புடைத்ததும் அவளுக்கு வேறு எந்தச் சந்தேகமும் வரவில்லை. சர்க்கரைதான். அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கத்தியை எடுப்பார்கள். சோதித்துப் பார்க்கக்கூட அவளுக்குத் துணிவில்லை. வீட்டுக்காரர் தீனதயாளன் துணியைச் சூட்டில் அழுத்திச் சீராக்குகிற காம்பாக்டிங் யூனிட்டில் வேலை செய்கிறவர், வீட்டுக்கு வந்தால் களைத்துப் படுத்துவிடுவார். அவருக்கும் சொல்லவில்லை. காலில் என்ன என்று ஒருமுறை கேட்டார். கட்டில் கால் இடித்துவிட்டது என்றாள்.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவும் அவளால் முடியவில்லை. வைத்தியம் தனக்கே தெரியும் என்று நினைத்தாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்கச் சோமனூர் போவது வழக்கம். அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் மாத்திரை டப்பா இருக்கும். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற சின்ன மாத்திரை எது என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். அவள் கையால் எத்தனையோ நாள் எடுத்துக் கொடுத்தது. அப்பா கண்ணயர்ந்த நேரம் அட்டையில் கொஞ்சம் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்த ஞாயிறும் அதையே செய்தாள்.

தம்பி மனைவி சண்முகப்பிரியா கெட்டிக்காரி. மாத்திரை குறைவதைக் கண்டுபிடித்துவிட்டாள். குற்றவாளியைத்தான் தப்பாகக் கண்டுபிடித்தாள்.

"மாமா ரெண்டு தடவ போட்டுக்கறாருங்க அண்ணி. போட்டது மறந்தர்றாரு. ஒருநாளைக்கு என்னமோ ஆகப்போகுது பாருங்க."

"நாம் போடல" என்றார் அர்த்தநாரி கட்டிலிலிருந்து. "கால்தான் போச்சு. புத்தி அங்கயேதான் இருக்குது."

"அப்ப மாத்தர தானா நடந்து போச்சுங்களா?"

ஜெயபாரதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அடுத்த ஞாயிறு போனபோது டப்பா சமையலறை மேல்தட்டுக்குப் போயிருந்தது. அப்பா ஒவ்வொரு வேளையும் மருமகளைக் கூப்பிட்டு மாத்திரை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதற்குள் ஜெயபாரதியிடம் போதுமான அளவு சேர்ந்துவிட்டது.

தினமும் காலையில் ஒன்று போட்டுக்கொண்டாள். டீயில் சர்க்கரையை நிறுத்தினாள், இட்லியைக் குறைத்தாள். விரலுக்குத் தைலம் தேய்த்தாள். மெடிக்கலில் சொல்லி வலி மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் விழுங்கினாள். விரல் வலி போகவில்லை. வயிறு எரிந்தது. அதோடு புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. மதியத்துக்கு முன்னால், மிஷினில் இருக்கும்போதே கை நடுங்கும். முதுகில் வியர்வை ஊற்றும். நெஞ்சு படபடக்கும். நாயைப்போலப் பசிக்கும். சர்க்கரை நோய் இல்லாத உடம்பில் சர்க்கரை மாத்திரை போட்டால், ஒழுங்காக இருக்கிற அளவையும் அது கீழே இழுத்துவிடும். இந்த நடுக்கமும் வேர்வையும் அதனால் வருவது. ஜெயபாரதி அதை நேர்மாறாகப் புரிந்துகொண்டாள். வியாதி முற்றுகிறது என்று முடிவு செய்தாள். சில நாள் மதியமும் பாதி மாத்திரை போட்டாள்.

இப்படியே கார்த்திகை மாதத்துக் கிருத்திகை வந்தது. முருகனுக்கு விரதம் இருப்பது அவர்கள் குடும்பத்தில் தலைமுறையாக வருகிற பழக்கம். அவள் ஒரு கிருத்திகைகூட விட்டதில்லை.

"வெரதம்னா லீவு போட்டுரு பாரதி. மூஞ்சியே சரியில்ல" என்றார் தீனதயாளன்.

"அர்ஜெண்ட் பீஸுங்க. சாயங்காலம் கோயிலுக்குப் போய்க்கலாம்."

குளித்து விபூதி இட்டு, பச்சைத் தண்ணீரில் அந்த மாத்திரையையும் விழுங்கினாள். மாத்திரை சாப்பாட்டுக் கணக்கில் வராது என்பது அவள் எண்ணம். சாப்பிடவே இல்லாவிட்டால் சர்க்கரை ஏறாது, விரலுக்கும் நல்லது என்றுகூடத் தோன்றியது. விரதம் ஒரு கல்லில் இரண்டு மாங்காயாக இருந்தது அவளுக்கு.

பதினொரு மணி டீக்கு எல்லோரும் எழப் போகிற நேரம். ஜெயபாரதியின் கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் துணி மங்கலாகி, இரண்டாகி, மூன்றாகித் தெரிந்தது. பாதம் பெடலிலேயே கனத்துக் கிடந்தது. மிஷின் நிற்காமல் ஓடி, சட்டையைத் தாண்டி வெறும் நூலைப் பின்னிக்கொண்டே போனது. சத்தம் கேட்டு ஓடிவந்த பிரபாகர் ஸ்விட்சை அணைத்தான். அவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து ராமாத்தாளின் இடுப்பில் விழுந்தாள்.

தரையில் உட்காரவைத்துத் தூணில் சாய்த்தார்கள். கண் திறந்திருந்தது. பேச்சு குழறியது. சேலை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. ராமாத்தாள் நெற்றியைத் தொட்டாள், சில்லென்று இருந்தது. அவள் மாமியாருக்கு இன்சுலின் ஊசி. இந்த வேர்வையை வீட்டில் பார்த்திருக்கிறாள்.

"டீ கொண்டா. சக்கர அள்ளிப் போட்டுக் கொண்டா!"

டம்ளரை உதட்டில் வைத்ததும் ஜெயபாரதி பல்லைக் கடித்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பினாள். டீ அவள் கழுத்தில் வழிந்தது.

"சக்கர வேண்டாம்... வேண்டாமுங்க... காலு போயிரும்."

"என்ன காலு? எந்தக் காலு? உளறாம குடியக்கா!"

"காலு போயிரும்..."

பிரபாகர் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். ராமாத்தாள் அதற்கெல்லாம் நிற்கவில்லை. ஒரு கை சர்க்கரையை வாங்கி, ஈரவிரலில் ஒற்றி, ஜெயபாரதியின் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தேய்த்தாள். துப்பத் துப்பத் திரும்பத் தேய்த்தாள். விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்ததால் கொஞ்ச நேரத்தில் டீயும் இறங்கியது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறி மூச்சடைக்கும். பிறகு ஒரு ஆட்டோவில் ஏற்றி, பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எந்த இடத்துக்குப் போகக்கூடாது என்று இத்தனை நாள் ஒளிந்தாளோ, அங்கேயே படுத்திருந்தாள் ஜெயபாரதி.

டாக்டர் தேஜஸ்ரீ இளம் பெண். பேச்சில் அவசரம் இருந்தது, கையில் இல்லை. குளுக்கோஸ் ஏற்றினாள். அளவு ஏறியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி இறங்கியிருந்தது.

"அம்மா, உங்களுக்குச் சக்கர வியாதி இருக்குதுங்களா?"

"தெரியலீங்."

"தெரியலைன்னா?"

"பாக்கலீங்."

"ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

"இல்லீங்."

தீனதயாளன் யூனிட்டிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தார். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. "தலவலிக்குக்கூட மாத்தர போடமாட்டாளுங்க டாக்டர். வெரதம் இருந்தா. அதானுங்க."

"ஒரு நேரம் சாப்பிடாததுக்கு இவ்வளவு எறங்காதுங்க. ஏத்த ஏத்த எறங்குது. உள்ள ஏதோ மருந்து இருந்து இழுத்துட்டே இருக்குது. என்னன்னு தெரிஞ்சா எவ்வளவு நேரம் காவல் இருக்கணும்னு எனக்குத் தெரியும். தெரியாம வீட்டுக்கு அனுப்பிச்சு, தூக்கத்துல எறங்குனா யாருக்கும் தெரியாது." டாக்டர் ஜெயபாரதியின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "நான் திட்டமாட்டேன். சொல்லுங்க."

ஜெயபாரதி மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தாள். சொன்னால் ஏன் போட்டாய் என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் காலைப் பார்ப்பார்கள். பார்த்தால் எல்லாம் முடிந்தது.

டாக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போர்வையை ஓரமாக விலக்கினாள். ஜெயபாரதி வெடுக்கென்று வலது காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஊசி குத்தியிருந்த கையால் போர்வையைப் பிடித்தாள். குழாய் ஆடியது.

"எடுத்துராதீங்க டாக்டர். எடுத்துராதீங்க. நான் மாத்தர போட்டுட்டுத்தானுங்க இருக்கறேன்."

அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. அப்பாவின் கால், ஜன்னல் டப்பா, முந்தானை முடிச்சு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தீனதயாளன் சுவரில் சாய்ந்து நின்று கேட்டார். கட்டில் கால் இடித்த கதை அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "எங்கிட்டச் சொல்லலாமில்ல புள்ள" என்றார்.

மறுநாள் மதியம்வரை கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், காலைப் படம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை ஜெயபாரதி போர்வைக்குள் விரல்களை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தள்ளுவண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தன்னைக் கூட்டிப் போகத்தான் வருகிறார்கள் என்று நினைத்தாள். ஒருமுறை அது சாப்பாட்டு வண்டி. ஒருமுறை பக்கத்துக் கட்டில்காரியை எங்கோ கூட்டிப் போனார்கள். அவள் திரும்பி வரும்வரை ஜெயபாரதி வாசலையே பார்த்தாள். இரண்டு காலோடுதான் வந்தாள்.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மூணு மாசச் சராசரிச் சக்கரையும் பாத்தாச்சு. உங்களுக்குச் சக்கர வியாதி இல்ல."

"இல்லீங்களா?"

"இல்ல. கட்டவெரல் வீங்குனா எல்லாரும் யூரிக் ஆசிட்டும்பாங்க. அது வந்தா திடீர்னு ஒரே நாள்ல செவந்து, போர்வை பட்டாக்கூடத் தாங்காது. அதையும் பாத்தாச்சு, அதுவும் இல்ல. இது மூட்டுத் தேய்மானம். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல வழவழன்னு ஒரு குருத்தெலும்பு இருக்கும். உங்களுக்கு அது தேஞ்சுபோச்சு. தேஞ்ச எடத்துல மேல பாருங்க, எலும்பு முட்டு மாதிரி வளந்துருக்குது. வெரல் மேல மடங்கறப்ப அதுதான் இடிக்குது."

"தறியில புஷ் தேஞ்சு இரும்பும் இரும்பும் ஒரசற மாதிரிங்களா?" என்றார் தீனதயாளன்.

"அதேதான்."

"அப்ப புஷ்ஷ மாத்தீர முடியாதுங்களா?"

"தேஞ்சது திரும்ப வராதுங்க. வலியக் குறைக்கலாம், மேல மேல தேயாமப் பாத்துக்கலாம்."

"வெரல எடுக்கோணுங்களா?" என்றாள் ஜெயபாரதி.

"வேண்டாம்."

பிறகு டாக்டர் வரிசையாகச் சொன்னாள். வெறுங்காலோடு நடக்கவே கூடாது, வீட்டுக்குள்ளேகூட. வளைகிற மெல்லிய ரப்பர் செருப்பு ஆகாது. அடி கெட்டியாக, முன்பக்கம் சற்றே மேலே வளைந்த செருப்பு வேண்டும். விரல் மடங்காமலேயே பாதம் உருண்டு போய்விடும். முன்னால் அகலமாக இருக்க வேண்டும், புடைப்பில் உரசக்கூடாது. வாங்கும்போது கையில் பிடித்து மடக்கிப் பார்க்க வேண்டும். சுலபமாக மடங்கினால் அது உதவாது. வலி அதிகமான நாளில் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம், களிம்பு தடவலாம். வலி மாத்திரை, எழுதிக் கொடுக்கிற சில நாளுக்கு மட்டும், அதுவும் சாப்பிட்ட பிறகு. கடையில் சொல்லி வாங்கி விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதற்கும் அடங்காவிட்டால் மூட்டில் ஊசி. அதற்கும் மேலே போனால், அந்த எலும்புப் புடைப்பை மட்டும் செதுக்குகிற ஆபரேஷன். கடைசி வழி, அந்த மூட்டை அசையாமல் சேர்த்துவைத்துவிடுவது.

ஆபரேஷன் என்ற சொல் வந்ததும் ஜெயபாரதி போர்வையை மறுபடி பிடித்தாள். "அப்ப வெரல எடுக்கோணுங்களா?"

"எலும்புல ஒரு புடைப்பச் செதுக்கறது வேற, வெரல எடுக்கறது வேற. கடைசி வழிக்குப் போனாலும் உங்க வெரல் உங்க கால்லதான் இருக்கும்."

வாசல்வரை வந்த பிறகும் ஜெயபாரதி திரும்பிப் போய், மூன்றாவது முறையாக அதையே கேட்டாள். டாக்டர் மூன்றாவது முறையும் அதே பதிலைச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு சோமனூர் போனாள், புதுச் செருப்போடு. கறுப்பாக, கனமாக, படகு மாதிரி இருந்தது. வாசலில் கழற்றாமல் உள்ளே வந்ததைச் சண்முகப்பிரியா ஒரு மாதிரிப் பார்த்தாள். ஜெயபாரதி உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டாள். உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும் என்று பயந்தாள்.

"மாத்தர எடுத்தது நானு. அப்பா இல்ல."

சண்முகப்பிரியா முதலில் நம்பவில்லை. முழுக்கக் கேட்டதும் முகம் சிவந்தது. "நீங்க பேசாம இருந்தீங்களே அண்ணி! நான் மாமாவ என்னென்ன பேசிப்போட்டேன்!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள். மேல்தட்டிலிருந்த டப்பாவைக் கொண்டுவந்து, மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில், முன்பு இருந்த அதே இடத்தில், சத்தம் வர வைத்தாள். மாமனாரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

அர்த்தநாரி மகளைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். "காலக் காட்டு."

செருப்பைக் கழற்றிக் காட்டினாள். குனிந்து பார்த்தார். புடைப்பை ஆள்காட்டி விரலால் அழுத்தினார்.

"ஆ! வலிக்குதுங்கப்பா!"

"வலிக்குதா?"

"உசுரு போகுதுங்."

"எனக்கு வலிக்கவே இல்ல அம்மிணி" என்றார். "அதுதான் எம்பட வியாதி. வலிச்சிருந்தா அன்னைக்கே ஓடியிருப்பேனல்ல? தரையில ரத்தத்தப் பாத்து எவனோடதோன்னு கேட்டுட்டுத் திரிஞ்சவன் நானு. மாத்தரையத் திருடுனயே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

ஜெயபாரதி தன் காலைப் பார்த்தாள். கட்டு மாற்றும்போது தட்டைப் பிடித்து நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. புண்ணைத் துடைக்கும்போது அப்பா முகம் சுளித்ததே இல்லை. தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பு நல்லா இருக்குது" என்றார் அர்த்தநாரி. "சோடியாத்தான் குடுத்தானா?"

"ஆமாங்."

"எனக்கும் சோடியாத்தான் குடுப்பேங்கறான் கடைக்காரன். ஒத்தையா விக்கமாட்டானாமா. உள்ள போய்ப் பாரு, இடது கால் செருப்பா அட்டாலியில கெடக்குது, எல்லாம் புதுசு."

சண்முகப்பிரியா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

கம்பெனிப் பிரச்சினை மிச்சம் இருந்தது. மேல்படியில் ஜெயபாரதி பையிலிருந்து இன்னொரு செருப்பை எடுப்பதைப் பார்த்ததும் பிரபாகர் வந்துவிட்டான்.

"அக்கா, வெள்ளச் சரக்குக்கா. செருப்போட உள்ள விட்டா எல்லாரும் கேப்பாக."

"இது தெருவையே பாக்காத செருப்பு பிரபாகர். ஊட்டுலயும் போடமாட்டேன். இங்க மட்டும்."

அவன் செருப்பை வாங்கினான். கழிவுத் துணியில் வெள்ளையாக ஒரு துண்டை எடுத்து அடிப்பகுதியை அழுத்தித் தேய்த்தான். துணியைத் திருப்பிப் பார்த்தான். அழுக்கில்லை. "சரிக்கா. ஆனா தெனமும் நான் தொடச்சுப் பாப்பேன்" என்றான். பிறகு தலையைச் சொறிந்தபடி, "நான் நீங்க வேற கம்பெனி போறீகன்னே முடிவு பண்ணிட்டேன்க்கா" என்றான்.

முதல் நாள் பெடல் எங்கே இருக்கிறதென்றே அவளுக்குத் தெரியவில்லை. கெட்டி அடிக்குக் கீழே மிஷின் தெருநாய்போலக் கத்திக்கொண்டு பாய்ந்தது. கழுத்தெல்லாம் நெளிந்தது. ராமாத்தாள் கட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

"பாம்பு இன்னும் போகல போலிருக்குது."

"ரெண்டு நாள் பொறு."

"பொறுக்கறேன். டீயில சக்கர போட்டயா?"

"போட்டேன்."

"காட்டு" என்று டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் ராமாத்தாள் டேபிளுக்குத் திரும்பினாள்.

விரலால் மிதிப்பதை விட்டு முழுப் பாதத்தால் அழுத்தப் பழக ரெண்டு நாள் போதவில்லை. வாரங்கள் ஆயின. கழுத்துகள் மெதுவாக நேராயின. வலி பாதியாகக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாட்களில் சாயங்காலம் விரல் சூடாகிவிடும். கரண்ட் போய் மின்விசிறி நின்று முதுகில் வியர்த்தால், கை தானாகக் கீழே போய்க் காலைத் தொடும். அந்தப் பயம் அவ்வளவு சீக்கிரம் போகிற ஜாதியில்லை.

வேலை முடிந்ததும் மேல்படியில் உட்கார்ந்து செருப்பை மாற்றிக்கொள்கிறாள். இப்போது யாரையும் முன்னால் போகவிடுவதில்லை; வருகிறவர்கள்தான் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு செருப்பைக் கழற்றி மற்றொன்றைப் போடுவதற்கு நடுவில், கட்டைவிரல் மூட்டின் மேல் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறாள்.

வலிக்கிறது. சரி என்று எழுந்து படியிறங்குகிறாள்.